திருமணிமுத்தாற்றுச் சேற்றைப் பரிசோதிக்காமல் அள்ள வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற திருமணிமுத்தாறு சேலத்துக்குள் என்ன பாடுபடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். போன மழைக்கு முன்னால் எங்கள் பக்கம் ஜேசிபி வைத்து வண்டலை அள்ளினார்கள், நல்ல காரியம்தான், ஆனால் அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். கருஞ்சேறு, குச்சியால் கிளறினால் உள்ளே ஊதா நிறத்தில் ஒரு படலம். இரண்டே மழையில் பாதி மறுபடியும் ஆற்றுக்குள். மீதியை எரு என்று வயலுக்கு ஏற்றிப் போனவர்களும் உண்டு, அதுதான் எனக்குப் பயம்.

பிசிபி (முன்பு மின்மாற்றி எண்ணெயில் சேர்த்த, எளிதில் சிதையாத நச்சு) போன்ற ரசாயனங்கள் தண்ணீரோடு கரைந்து ஓடிவிடாது. நுண்ணிய சேற்றில் ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள் கிடக்கும், புழு வழியாக மீனின் கொழுப்பில் போய்ச் சேரும். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் 1977-லேயே பிசிபி விடுவதை நிறுத்தியும், 2009 முதல் 2015 வரை சேற்றைத் தோண்ட வேண்டியிருந்தது. அங்கே முதலில் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள், அப்புறம்தான் அள்ளினார்கள். சேற்றிலிருந்து நீரைப் பிழிந்து சுத்திகரித்து, மிச்சத்தை ரயிலில் ஏற்றிப் பாதுகாப்பான கிடங்குக்கு அனுப்பினார்கள்.

சரி, நம் சேற்றில் என்ன இருக்கிறது? அதிகாரிகளே, அடுத்த முறை அள்ளுவதற்குள் ஆய்வகத்தில் பார்த்து, முடிவை எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். அதுவரை கரையில் குவிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரை வாசகர், சேலம்