1815க்குப் பிந்திய சுவர்கள்

வன்னியின் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

முப்பது வருடங்களுக்கு மேல் நீதிமன்ற இலிகிதராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது கிழமைக்கொருதரம் பேத்தியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வன்னியின் பழைய பட்டினங்களைப் பார்த்து வருகிறேன். கோயிலும் குளமும் பார்க்க எல்லாரும் போகிறார்கள். நாங்கள் போவது பழைய கோடு (நீதிமன்றத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), அரசாங்க அதிபரின் பழைய கச்சேரி, பயணிகள் தங்கும் வாடிவீடு, தபாற்கந்தோர், புகையிரத நிலையம். சனம் ஒரு காலத்தில் கையில் கடுதாசியோடு ஏறி இறங்கிய இடங்கள்.

போன வருடம் அப்படி ஒரு பட்டினத்துக்குப் போனோம். நீதிமன்றம் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டதால் பழைய கோடு பூட்டிக் கிடந்தது. பாதி ஓடு இல்லை. விறாந்தைத் தூண்களில் சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. உள்ளே இருந்த தளபாடங்களை முற்றத்தில் எறிந்திருந்தார்கள். அந்தக் குவியலில் சாட்சிக் கூட்டின் கைப்பிடிக் கட்டை கிடந்தது. நல்ல முதிரை. மேலே மழைத்தண்ணீர் பட்டுக் கறுத்திருந்தாலும், நடுவில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் கட்டை சற்றுத் தேய்ந்து, எண்ணெய் பூசினதுபோல மினுங்கியது. சத்தியம் செய்தவர்கள் பிடித்துக்கொண்டு நின்ற இடம் அது. பேத்தி கையை வைத்துப் பார்த்தாள். "தாத்தா, கை தானாகப் போய் இருக்குது" என்றாள். எத்தனை ஆயிரம் பேரின் உள்ளங்கை வியர்வை அந்தப் பள்ளத்தைத் தோண்டியிருக்கும் என்று அவளுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது அங்கே கட்டடம் இல்லை. பெக்கோ இயந்திரம் வந்து ஒரே நாளில் தரைமட்டமாக்கிவிட்டதாகப் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் சொன்னார். கட்டையை விறகுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். எந்த ஊர், யார் செய்தது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் அதைச் செய்தவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. அதில் ஒரு திகதி இருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள். அதற்கு முந்திய கட்டடம் என்றால் சட்டம் அதைப் பண்டைய நினைவுச்சின்னமாக ஏற்றுக்கொள்ளும். பிந்தியது என்றால், வர்த்தமானியில் தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. மன்னார்க் கோட்டை 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, பிறகு ஒல்லாந்தர் திருத்தியது. அதற்குப் பிரச்சினையில்லை. ஆனால் மாவட்ட நீதிமன்றம் என்ற அமைப்பே 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்துக்குப் பிறகுதான் இந்த நாட்டுக்கு வந்தது. அப்படியானால் வன்னியில் கட்டப்பட்ட எந்த மாவட்டக் கோடும், சட்டம் கீறிய அந்தத் திகதிக் கோட்டுக்கு இந்தப் பக்கத்தில்தான் நிற்கும். யாராவது கேட்டாலொழிய அவற்றை யாரும் காக்கப்போவதில்லை. கேட்கவேண்டியவர்கள் நீங்கள் என்று நான் நினைக்கிறேன்.

1815க்கு முந்தியது என்பதற்காகத் தப்பிவிடும் என்றும் இல்லை. மன்னார் மாவட்டத்தில் அரிப்பு என்ற கடற்கரை ஊருக்குப் போய்ப் பாருங்கள். முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை அங்கே இருக்கிறது. எங்கள் சனம் அல்லிராணி கோட்டை என்று சொல்லும். கடல் கரையை அரித்து அரித்துக் கட்டடத்தின் கால்மாட்டுக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் போகும்போது ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது.

சிலர் என்னிடம் நேரே கேட்டிருக்கிறார்கள்: "வெள்ளைக்காரன் எங்களுக்குத் தண்டம் அடிக்கக் கட்டின கோடு, அது விழுந்தால் உங்களுக்கென்ன?" நியாயமான கேள்வி. எனக்கும் அந்த எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் ஒரு கல் நின்றது உங்களுக்குத் தெரியும். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியனை, அதே வருடம் ஒக்டோபர் 31இல் இந்த இடத்தருகே ஆங்கிலேயரின் கப்டன் வொன் ட்ரிபெர்க் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல். வென்ற பக்கம் தன் பெருமைக்கு நட்டது. ஆனால் நாங்கள் அதை எப்படிப் பார்த்தோம்? பண்டாரவன்னியன் நின்று போராடிய இடம் இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டினோம். பிறகு அந்தக் கல் சேதமாக்கப்பட்டபோது வன்னி முழுதும் மனம் நொந்தது. யார் நட்டார் என்பதை வைத்து ஒரு கல்லின் கதை முடிவதில்லை.

கோடும் அப்படித்தான். அங்கே தீர்ப்புச் சொன்னவன் வெள்ளைக்காரனாக இருக்கலாம், பல இடங்களில் உதவி அரசாங்க அதிபரே நீதவானாகவும் இருந்து வழக்குக் கேட்டான். ஆனால் வழக்கு எங்களுடையது. வரம்பு வெட்டியது, வாய்க்காலை மறித்தது, மாடு களவுபோனது, சேனைக்குக் காடு வெட்டியது, முதுசக் காணியை ஒருவன் மட்டும் ஆண்டது. வண்டில் கட்டி, கட்டுச்சோறு கொண்டு, இரவு மரத்தடியில் படுத்து, தவணைக்கு வந்து நின்றவர்கள் எங்கள் பூட்டனும் பூட்டியும். அவர்கள் தமிழில் சொன்னதை முதலியார் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்ல, அது ஏட்டில் ஏறியது. கோயில் கல்வெட்டில் அரசன் பெயர் இருக்கும். கமக்காரன் பெயர், அவன் சொன்ன வசனத்தோடு, எழுத்தில் ஏறிய இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். வழக்குப் பேசும் பிரக்கிராசியாரும் உறுதி முடிக்கும் நொத்தாரிசும் பெட்டிசம் எழுதுபவரும் பிழைத்ததும் அந்த விறாந்தையை நம்பித்தான். கோட்டுக் கட்டடத்தைச் சுற்றித்தான் கடைத்தெருவே வளர்ந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் எழுத்தில் தொகுத்தார். 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். அந்த வழமைப்படி மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும். கணவன் இல்லாத இடத்தில் அந்தச் சம்மதத்தை மாவட்ட நீதிமன்றம் தரலாம் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு இந்த ஒரு வரி எங்கள் மண்ணில் என்ன பாடு படுத்தியது என்பதை நான் கண்ணால் கண்டேன். கணவன் செத்தானா இருக்கிறானா என்று சொல்லமுடியாத பெண்கள், தங்கள் தாய் தந்த காணிக்குச் சம்மதம் கேட்டுக் கோட்டு வாங்கில் வரிசையாக இருந்தார்கள். ஒரு தங்கச்சி ஒவ்வொரு தவணைக்கும் கணவனின் படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவருவாள். யாரும் அதைக் கேட்டதில்லை. வழக்குக்கு அது தேவையும் இல்லை. அவள் மடியிலேயே வைத்திருப்பாள். அந்த வாங்குகளை விறகாக்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, பார்க்க யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். போர் முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் கிளிநொச்சிக்கு வந்து, விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. எங்கள் பட்டினத்தில் பார்க்க இருக்கிற ஒரே பொருள் உடைந்த தாங்கி என்று நாங்கள்தானே விட்டுவிட்டோம்? அந்த ஊர் 1930களில் குடியேற்றத் திட்டமாக எழுந்தது, அதற்கும் முன்பே 1902இல் தொடங்கி 1920இல் இரணைமடுக் குளத்தைக் கட்டி முடித்தார்கள் என்பதை ஏ9 வீதியில் இறங்கி நிற்கிற ஒருவருக்குச் சொல்ல ஒரு பலகை வைத்தால் எவ்வளவு செலவாகும்?

என் மருமகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். அந்த ஒரு மாநிலத்தில் 254 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப் பட்டினம், ஒவ்வொரு பட்டினத்திலும் ஒரு கோடு. பழைய கோடுகளைத் திருத்த 1999இலிருந்து மாநில அரசே உதவிப்பணம் கொடுக்கிறது. வக்சஹாச்சி என்ற சின்னப் பட்டினத்துக்கு அவன் குடும்பத்தோடு போய் எடுத்த படங்களை அனுப்பியிருந்தான். 1897இல் கட்டி முடித்த சிவப்புக் கல் கோடு, கோபுரத்தோடு நடுச்சதுக்கத்தில் நிற்கிறது. சனி ஞாயிறில் கார் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டினமாகக் கோடு பார்க்கப் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்களாம். பார்த்துவிட்டுச் சதுக்கத்துக் கடையில் சாப்பிட்டு, எதையாவது வாங்கிக்கொண்டு போவார்களாம். அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை, எனக்குத் தெரியும். நான் கேட்பது அதில் நூறில் ஒரு பங்கும் இல்லை.

முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். உங்கள் எல்லைக்குள் இருக்கிற பழைய பொதுக் கட்டடங்கள் எவை, எப்போது கட்டியது, இப்போது யார் பொறுப்பில், கூரை இருக்கிறதா. ஒரு கிராம அலுவலரும் ஒரு ஆசிரியரும் ஒரு மாதத்தில் முடிக்கக்கூடிய வேலை. ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி 1895இல் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி ஒரு கைநூல் எழுதினார். பிறகு 1913இல் நாடு முழுதும் கிடந்த கல்லறைக் கற்களையும் நினைவுக் கற்களையும் படித்துப் பட்டியலாக அச்சிட்டார். இன்றைக்கு அவற்றில் எத்தனையோ கற்கள் அழிந்துபோயிருக்கும், பட்டியல் இருக்கிறது. முல்லைத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் எடுத்தது, ஐந்து வருடம் ஆகுமுன்னே போர் மிச்சத்தை எடுத்தது. அங்கே முன்பு எந்தக் கட்டடம் எங்கே நின்றது என்று சொல்லக்கூடியவர்கள் என் வயதுக்காரர்கள்தான். நாங்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனத்துக்கு ஒரு பயம் பிடிக்கும். காணி போய்விடுமோ, கோயில் வாசலில் கம்பி வேலி வந்துவிடுமோ என்ற பயம். அது காரணமில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் சபையைக் கேட்கிறேன். எதைக் காக்கவேண்டும், எல்லை எதுவரை, பக்கத்துக் காணிக்காரருக்கு என்ன உரிமை என்று சபையே தீர்மானம் எழுதி, ஊர்ச்சனத்தைக் கூட்டி வாசித்து, பிறகு வர்த்தமானி அறிவிப்புக்கு அனுப்பலாம். நாங்களே கேட்டு வாங்கும் பாதுகாப்பு வேறு, மேலே இருந்து வந்து விழுவது வேறு.

அப்புறம், புதிதாகக் கட்ட ஒரு பழைய கட்டடத்தை எடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், பெக்கோவைக் கூப்பிடும் முன் ஒரு மனிதரைக் கூப்பிடுங்கள். படம் எடுக்கட்டும், அளவு எடுக்கட்டும். சாட்சிக் கூடு, வாங்கு, கதவு, மணி, நீதவானின் மேசை, இவற்றை நூலகத்தின் ஒரு மூலையில் வையுங்கள். நிற்கிற கட்டடங்களுக்கு மூன்று மொழியிலும் பலகை வையுங்கள், தமிழை யாராவது ஒருதரம் எழுத்துப்பிழை பார்த்த பிறகு. மாதத்தில் ஒரு போயா நாளிலாவது பூட்டைத் திறந்து விடுங்கள்.

ஓலையில் கட்டிய கோடும் எங்களுக்கு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்புக் காலத்தில் கிடுகால் ஒரு நகரமே எழும்பும். அதில் வைத்தியசாலை, தபாற்கந்தோர், சிறைச்சாலை, கூடவே ஒரு கோடும். சில வாரம் வழக்குப் பேசிவிட்டு, சிப்பி முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள். மணலில் தடம்கூட இல்லை. கிடுகு அப்படிப் போகட்டும். கல்லும் முதிரையும் அப்படிப் போகவேண்டியதில்லை.

நான் போன இடங்களை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கம், பேத்தி கீறிய படத்தோடு. பதினொரு பக்கம் முடிந்திருக்கிறது. அதில் ஒன்றுக்குக் கட்டடம் இனி இல்லை, கைப்பிடிக் கட்டையின் படம் மட்டும் இருக்கிறது. உங்கள் அடுத்த அமர்வு எந்த நாள் என்று அறிவித்தால், கொப்பியோடு வந்து பார்வையாளர் வாங்கில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற இலிகிதர் ஒருவர்,
வன்னி