வாசலில் கரைந்த சர்க்கரை: ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். தாங்கள் கொடுத்த வெட்டு உத்தரவின்படி வெட்டிய என் கரும்பு, அரவை இயந்திரம் பழுது என்று சொல்லப்பட்டதால், ஆலை வாசலில் டிராக்டரிலேயே மூன்று நாள் வெயிலில் கிடந்தது. நான்காம் நாள் எடை மேடை ஏறும்போது கழி சுருங்கி, வெட்டுவாய் சிவந்து, புளித்த வாடை அடித்தது. அதைப் பார்த்த தங்கள் அலுவலர், "உங்க பக்கத்துக் கரும்புல பிழிதிறனே இல்லீங்களே" என்றார். அரைத்த கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கைத்தான் பிழிதிறன் என்கிறார். தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, காத்திருந்ததைவிட இந்தச் சொல்தான் வலித்தது.

இலையில் உருவாகும் சுக்ரோஸ், அதாவது நாம் உண்ணும் சர்க்கரை, ஃபுளோயம் என்னும் உணவுக் குழாய்கள் வழியாகத் தண்டுக்கு இறங்கி, அங்குள்ள செல்களுக்குள் இருக்கும் வாக்குவோல் என்னும் சேமிப்புப் பைகளில் தங்குகிறது. இளங்கரும்பில் அமில இன்வர்டேஸ் என்னும் நொதி அதிகம். அது சுக்ரோசைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைத்து வளர்ச்சிக்குக் கொடுத்துவிடும். பயிர் முதிர முதிர நொதி அடங்கிச் சர்க்கரை சேரும். ஏறத்தாழ ஓராண்டு தண்ணீர் பாய்ச்சி நாங்கள் காத்திருப்பது, அந்த நொதி அடங்குவதற்காகவும்தான். வெட்டிய கரும்புக்கு இலையிலிருந்து வரத்து நின்றுவிடுகிறது. ஆனால் செல்கள் உடனே சாவதில்லை. அவை சுவாசித்துக்கொண்டே இருப்பைச் செலவழிக்கின்றன, இன்வர்டேஸ் மறுபடி தலைதூக்குகிறது, வெயில் அதை இன்னும் விரட்டுகிறது. இப்படி உடைந்த சர்க்கரை படிகமாகாமல் கழிவுப்பாகோடு போய்விடும். அந்தப் பாகு விற்ற பணம் யார் கணக்கில் ஏறுகிறது என்பதை வேறொரு மடலில் பேசலாம்.

ஆகவே, வெட்டிய 24 மணி நேரத்துக்குள் கரும்பை எடை போட்டு அரவைக்கு எடுங்கள் என்பதே என் கோரிக்கை. கரும்புக்கு அரசு அறிவிக்கும் நியாய விலை 10.25 சதவீதப் பிழிதிறனை அடிப்படையாக வைத்து நிர்ணயிக்கப்படுவது தாங்கள் அறிந்ததே. வயலில் இருந்த சர்க்கரையை வாசலில் தொலைத்துவிட்டு, குறையை வயலின் தலையில் எழுதுவது எந்தக் கணக்கில் சேரும்? 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை 14 நாளில் பணம் தரச் சொல்கிறது, தவறினால் 15 சதவீத வட்டியும் உண்டு என்கிறது. அந்த நாள் கணக்கை மறந்தவர்களிடம் மணிக் கணக்கு கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியலாம், பொறுத்தருள்க.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். கேட்பது ஒன்றுதான்: 24 மணி நேரத்துக்குள் அரவை. அது முடியாத நாளில் வெட்டு உத்தரவைத் தள்ளிப் போடுங்கள். நிற்கிற கரும்பு இன்னும் சில நாள் தாங்கும். எனக்கு இன்னும் ஒன்றரை ஏக்கர் மீதமிருக்கிறது. அதற்கான உத்தரவில் கையெழுத்திடுமுன் இயந்திரம் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆலையில் பதிவு செய்த கரும்பு விவசாயி