மன்னார்குடியிலிருந்து, உன் விண்ணப்பம் பற்றி

அன்புள்ள பாப்பா,

எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் பற்றி நீ அனுப்பிய ஆராய்ச்சித் திட்டத்தைப் படித்துவிட்டேன். உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "பொண்ணு இன்னும் படிக்குதா சார்?" என்று கேட்கிறார்கள். டாக்டர் பட்டத்துக்கு அப்புறம் போஸ்ட்டாக் என்று ஒன்று இருப்பதை விளக்கி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் பக்கம் முழுக்க மென்பொருள் பெயர்கள். தேர்வுக் குழுவில் ஆய்வகத்தில் கைப்பட வேலை செய்கிறவர்களும் இருப்பார்கள். உன் கேள்வி என்ன என்று அவர்கள் தேடுவார்கள். அதை மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறாய்.

அனீசூர் ரஹ்மானை எடுத்துக்கொள். ஹைதராபாத்காரர், பௌதிக விஞ்ஞானி. 1964-ல் சிகாகோ பக்கத்து ஆய்வுக்கூடத்தில், 864 ஆர்கான் அணுக்களைக் கணினிக்குள் நியூட்டன் விதிப்படி ஓடவிட்டார். திரவத்துக்குள் அணு எப்படி நகர்கிறது என்பதுதான் கேள்வி. அணுக்கள் பரவும் வேகம் சோதனையில் அளந்ததோடு நன்றாக ஒத்துவந்தது. கட்டுரையில் அவர் பெயர் மட்டும்தான்.

உன்னிடமும் நல்ல கேள்வி இருக்கிறது. எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் எங்கே போய் உட்கார்ந்து அதை நொறுங்க வைக்கிறது? அவ்வளவு சின்ன அணுவைச் சோதனையில் பிடிப்பது கஷ்டம், அதனால் கணக்குப் போடுகிறேன் என்று தொடங்கு. அணுக்களில் உள்ள எலக்ட்ரான்களைக் கணக்கிட வால்டர் கோனும் ஷாமும் 1965-ல் கொடுத்த சமன்பாடுகளை அப்புறம் சொல்லலாம். (கோனுக்கு 1998-ல் நோபலை வேதியியலில் கொடுத்தார்கள். பௌதிக வாத்தியாரான எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.) அந்த முறையில் அணுக்களின் எண்ணிக்கை இரட்டித்தால் கணக்கு எட்டு மடங்காகும், சில நூறு அணுக்களிலேயே கணினி திணறும், அதனால்தான் சின்னக் கணக்குகளைப் பார்த்துக் கணினியே கற்று ஊகிக்கும் இயந்திரக் கற்றலுக்குப் போகிறேன் என்று எழுது. காரணம் தெரிந்தால் மென்பொருள் பெயர்கள் தானாகப் பொருந்தும்.

இன்னொன்று. திட்டத்தில் எது உன் கைடு யோசனை, எது உன்னுடையது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. தேர்வுக் குழுவில் கட்டாயம் கேட்பார்கள்.

திருவாரூர் பக்கத்தில்தான் வேலை தேட வேண்டும் என்று அம்மா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. பெரிய கணினியில் நேரம் கிடைக்கிற இடமாகப் பார்.

திருத்தி மறுபடி அனுப்பு. ஆங்கிலத்தை வேறு யாரிடமாவது காட்டு, பௌதிகத்தை நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா