யாருக்கு லாபம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆலா என்ற கடல்பறவைகள் முட்டையிடும், லட்சத்தீவின் பக்ஷிப்பிட்டித் தீவு பற்றிய கட்டுரை படித்தேன். ‘ஆளே இல்லாத மணல்திட்டில் ஆலாக் குஞ்சுகளின் காலில் வளையம் மாட்டி யாருக்கு லாபம்?’ என்று கேட்டிருக்கிறார் கட்டுரையாளர். 1956இல் பசிபிக் கடலின் மிட்வே தீவில் எண் பொறித்த வளையமிட்ட அல்பட்ராஸ் என்ற கடல்பறவை ஒன்று 2024இல் முட்டையிட்டது. காலில் எண் இல்லாவிட்டால் அதன் வயது யாருக்குத் தெரியும்? 1982இல் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் வளையமிட்ட ஆலாக் குஞ்சு, அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் போய்ச் சேர்ந்தது. தாங்கள் அறியாததா?

‘சித்திரவதை’ என்றும் ஒரு வரி. கல்லூரி நாட்களில் கொடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிடும் முகாமில் எடுபிடியாக இருந்தவன் நான். கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையைத் துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டால் முப்பது கிராம்கூட வராது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து நிற்க, முதுகு உள்ளங்கையில் படிய வேண்டும். அழுத்தினால் திட்டு விழும். இடுக்கியால் வளையத்தை மூடியதும், அது காலில் தாராளமாகச் சுற்றுகிறதா, இரு முனைகளும் இடைவெளியில்லாமல் சேர்ந்தனவா என்று பார்த்துத்தான் விடுவார்கள். தீவில் இன்னும் கவனம் வேண்டும். உச்சிவெயிலில் தாய்ப்பறவை எழுந்துவிட்டால் முட்டை வெந்துவிடும். அதனால் வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட்டு வெளியேற வேண்டும்.

வாலாஜாபேட்டைக்காரனுக்குக் கடல்பறவை எதற்கு என்பீர்கள். சரி, ஏரிப் பறவைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் காவேரிப்பாக்கம் ஏரியில் வளையத்தோடு ஒரு வாத்து கிடைத்தபோது, ‘உளவு பார்க்க வந்ததா மர்மப் பறவை?’ என்று கொட்டை எழுத்தில் போட்டது தங்கள் இதழ்தான். தாங்கள் அச்சிட்ட படத்திலேயே வளையத்தில் ‘பாம்பே’ என்ற எழுத்து பளிச்சென்று தெரிந்தது! மறுப்பு எழுதினேன். இரண்டு வரி வந்தது, அதுவும் என் ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்டு. பாலாற்றில் கலக்கும் தோல் கழிவு பற்றி எழுதியவை என்ன ஆயினவோ, தங்களுக்கே வெளிச்சம். அப்புறம் ஆற்றில் வெள்ளம் வந்தால் மட்டும் அரைப்பக்க வண்ணப்படம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். வளையமிட்ட பறவையைக் கண்டால் எண், இடம், தேதியைக் குறித்து, முடிந்தால் படமும் எடுத்து, இந்த வளையங்களை மாட்டும், மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும், உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றக் கூடாது என்று மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி போடுங்கள். இடமில்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம். என்னுடையது கன்னி, எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
வாலாஜாபேட்டை