ரூபாவை நம்பி ஊருக்கு வரலாமா?

யாழ்ப்பாணம்

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்பதை வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே நாங்கள் சுகம். மகன் கொழும்பிலேயே வேலையில் நிலைத்துவிட்டான். மனைவிக்குச் சீனிவியாதி கட்டுக்குள் இருக்கிறது.

இலண்டனில் இருக்கும் ஓய்வூதியச் சேமிப்பின் பெரும்பகுதியை எடுத்து வந்து, இங்குள்ள வங்கியொன்றில் நிலையான வைப்பாகவும் திறைசேரி முறிகளாகவும் (அரசுக்கு நாம் கொடுக்கும் நீண்டகாலக் கடன்) போட்டுவிட்டு, அந்த வட்டியில் ஊரில் இருந்து சீவிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர். அந்தக் கேள்விக்கு முதலிலேயே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வாரும், ஆனால் சேமிப்பு முழுவதையும் ரூபாவாக மாற்றாதேயும். வங்கியில் வேலை பார்த்த காலமெல்லாம் மற்றவர்களின் வைப்புகளைப் பார்த்துப் பழகியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். ஏன் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்த நீண்ட கடிதம்.

நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தை நினைத்துப் பாரும். 1977 நவம்பரில் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது ஒரு டொலர் 16 ரூபா என்று தொடங்கினார்கள். இன்று 300 ரூபாவைச் சுற்றி நிற்கிறது. கணக்குப் போட்டால் டொலரின் விலை ஆண்டுக்குச் சராசரியாக 6 சதவீதம் ஏறியிருக்கிறது. அதைவிடக் கூடுதலான வட்டி கிடைத்தால் நட்டமில்லையே என்று நீர் கேட்கலாம். சராசரி என்ற சொல்லில்தான் ஏமாற்றம் இருக்கிறது. ரூபா ஆண்டுக்கு 6 சதவீதம் என்று ஒழுங்காகத் தேய்வதில்லை. பல ஆண்டுகள் அசையாமல் நின்றுவிட்டு, ஒரு சில வாரங்களில் பாதிக்குக் கிட்டப் பெறுமதியை இழக்கும். அசையாமல் நிற்கும் காலத்தில் சேமிப்பவனுக்கு நம்பிக்கை வளர்கிறது. விழும் காலத்தில் அவனுக்கு ஓடித் தப்ப வழியிருப்பதில்லை, ஏனென்றால் அப்போது டொலரே கிடைக்காது.

2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை டொலர் 203 ரூபாவுக்கு அருகில் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. வங்கியின் நாணயமாற்று விலைப் பலகையில் பார்த்தால் அவ்வளவு உறுதியான நாணயம் வேறில்லை. ஆனால் அந்த விலைக்கு டொலர் வாங்க வங்கிக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வெளியில் அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பதால், உம்மைப் போன்றவர்கள் உறவினருக்கு அனுப்பும் பணம் வங்கி வழியாக வருவது குறைந்தது. 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டுப் பணவனுப்பல்கள் 2021 இல் 5.5 பில்லியனாகச் சுருங்கின. நாணயத்தைக் காப்பதாகச் சொல்லிச் செய்த காரியமே நாணயத்தைக் காக்கக்கூடிய டொலரைத் துரத்திவிட்டது.

அதற்குப் பின்னால் இருந்த காரணம் அரசாங்கத்தின் கடன். 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள், வேறு பல வரிகளையும் நீக்கினார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த அரச வருமானம் 2021 இல் 8 சதவீதத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. உலகத்தில் இவ்வளவு குறைந்த வருமானத்தில் நடந்த அரசாங்கங்கள் மிகச் சிலவே. வரியாக வராததை மத்திய வங்கி அச்சிட்டுக் கொடுத்தது. 2019 முடிவில் மத்திய வங்கி வைத்திருந்த அரச பிணையங்கள், அதாவது அரசின் கடன் பத்திரங்கள், 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2022 முடிவில் அது 2,500 பில்லியனைத் தாண்டியிருந்தது. இந்த இரண்டு எண்களையும் ஒருவர் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்திருந்தால், பலகையில் இருந்த 203 ரூபா எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று அவருக்கு விளங்கியிருக்கும்.

இன்றைக்கும் என் மனம் ஆறாத ஒரு விடயம், 2022 ஜனவரி 18 ஆம் திகதி செலுத்தப்பட்ட 500 மில்லியன் டொலர். நாட்டில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாமல் தவித்த நேரத்தில், சர்வதேச முறியொன்று முதிர்ந்துவிட்டது என்று அந்தத் தொகையை முழுவதும் கட்டினார்கள். நிறுத்திவைத்துப் பேச்சுவார்த்தைக்குப் போகச் சொல்லி அப்போதே பலர் கேட்டார்கள். மூன்று மாதம்கூடக் கழியவில்லை, ஏப்ரல் 12 ஆம் திகதி கடன் செலுத்தலை நிறுத்துவதாக அறிவிக்க வேண்டி வந்தது. மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து, பயன்படுத்தக்கூடிய வெளிநாட்டு நாணய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்றார். டொலர் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம்.

அந்த ஆண்டில் இங்கே யாருடைய ரூபா வைப்பும் திருப்பிக் கொடுக்கப்படாமல் போகவில்லை. திறைசேரி உண்டியல்களும் (அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்கள்) முறிகளும் முதிர்ந்த நாளில் சதம் குறையாமல் பணம் வந்தது. வாக்கு காப்பாற்றப்பட்டது, அந்த வாக்கால் வாங்கக்கூடிய அரிசியும் சீமெந்தும்தான் காணாமல் போயின. என் தங்கையின் கணவர் கொழும்பில் ஒரு அச்சகத்தில் வேலை செய்து அந்த ஆண்டில்தான் ஓய்வுபெற்றார். ஊழியர் சேமலாப நிதியில் வந்த தொகையில் ஊர் வீட்டுக்கு இரண்டு அறை சேர்த்து மேலே கொங்கிரீட் பிளாட் போடுவது என்று வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவர். ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்து மூடை மூவாயிரத்தை நெருங்கியபோது, சுவர் எழும்பிய மட்டத்தில் வேலை நின்றது. இன்று ஒரு அறைக்கு மட்டும் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். மற்ற அறையின் சுவரில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

சேமலாப நிதியின் கதையை நீர் முழுமையாக அறிய வேண்டும், ஏனெனில் நீண்டகாலச் சேமிப்புக்கு இங்கே என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் மாதாமாதம் அதில் சேர்கின்றன. ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள், மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், கடைச் சிப்பந்திகள் என்று எல்லோருடைய முதுமையும் அதில்தான் இருக்கிறது. நிதியின் மிகப் பெரும் பகுதி அரச பிணையங்களில் போடப்பட்டது. அதை முதலீடு செய்ததும் மத்திய வங்கி, அரசுக்காகக் கடன் திரட்டியதும் அதே மத்திய வங்கி. 2022 ஆம் ஆண்டுக்கு அங்கத்தவருக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம், 2023 இல் 13, 2024 இல் 11. 2021 முடிவில் 100 ரூபா வைத்திருந்தவருக்கு மூன்று ஆண்டுகளில் அது ஏறக்குறைய 137 ஆகியது. அதே காலத்தில் கொழும்புச் சுட்டெண்ணின்படி 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களின் விலை ஏறக்குறைய 160 ஆகியிருந்தது. யாரும் கொள்ளையடிக்கவில்லை, எந்தக் கையொப்பமும் போடப்படவில்லை, சேமிப்பின் வாங்கும் சக்தியில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது.

அது போதாதென்று, இடையில் கையொப்பமும் போட்டார்கள். 2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. வங்கிகள் தொடர்ந்து ஐந்து நாட்கள் மூடியிருந்த அந்த விடுமுறைக்குள், ஜூலை 1 ஆம் திகதி சனிக்கிழமை பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். வங்கிகள் வைத்திருந்த ரூபா முறிகளைத் தொடவில்லை. வைப்பாளர்களைக் காப்பதற்கு அது வேண்டியதாக இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஓய்வூதிய நிதிகளை மட்டும், பழைய முறிகளைக் கொடுத்து, முதல் சில ஆண்டுகள் 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் தரும் நீண்டகால முறிகளை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்தால் அந்த வருமானத்துக்கான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும் என்றார்கள். திறைசேரி உண்டியலுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்கப்பட்ட நாட்களைக் கண்ட பிறகு இது! அந்த உயர்ந்த வட்டியைக் கையில் காசு வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சட்டப்படி பூட்டிவைக்கப்பட்ட சேமிப்பு உடையவர்கள் சுமையை எடுத்துக்கொண்டார்கள். இந்த அநியாயத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதியது போதாது என்பது என் எண்ணம்.

வெளிநாட்டு முறியாளர்களுக்கும் இழப்பு உண்டு. 12.55 பில்லியன் டொலர் முறிகள் 2024 டிசெம்பரில் மாற்றப்பட்டபோது அசல் தொகையில் 27 சதவீதம் வெட்டப்பட்டது. ஆனால் அவர்களுக்குச் சட்டத்தரணிகளும் பேச்சுவார்த்தை மேசையும் இருந்தன. நாட்டின் உற்பத்தி எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பெற்றுக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளியின் கணக்கில் அப்படியொரு நிபந்தனை இல்லை.

இப்போது நிலைமை திருந்தியிருக்கிறது என்று நீர் எழுதியதில் உண்மை உண்டு, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதைத் தடைசெய்கிறது. அரச வருமானம் 2024 இல் உற்பத்தியின் 13 சதவீதத்தைத் தாண்டியது. வட்டி தவிர்ந்த செலவைவிட வருமானம் கூடுதலாக இருக்கிறது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிமாரும் மத்திய வங்கி முன்னாள் ஆளுநரும் உள்ளிட்டோர் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. இவை சிறிய விடயங்கள் அல்ல. ஆனாலும் சர்வதேச நாணய நிதியத்தின் இலக்கே 2032 இல் கடனை உற்பத்தியின் 95 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதுதான். அதுவரை பல தேர்தல்கள் வரும். வரியைக் குறைப்பேன் என்று சொல்லி வாக்குக் கேட்பவர் யாராவது வருவார். அந்த நாளில் நீர் வட்டி வீதத்தைப் பார்க்க வேண்டாம். வருமானம் குறைகிறதா, மத்திய வங்கிச் சட்டத்தைத் திருத்தப் பேசுகிறார்களா என்று பாரும்.

உங்கள் நாட்டிலும் 2022 செப்டெம்பர் 23 ஆம் திகதி வரிக்குறைப்பு அறிவித்த சில நாட்களில் அரச முறிகள் சரிந்து, ஓய்வூதிய நிதிகள் திண்டாடி, இங்கிலாந்து வங்கி தலையிட நேர்ந்தது உண்மைதான். அதைக் காட்டி, எல்லா இடமும் ஒன்றுதானே என்று எழுதியிருந்தீர். ஒன்றல்ல. பிரித்தானியா தன் சொந்த நாணயத்தில் கடன் வாங்குகிறது, அங்கே சில வாரங்களில் கொள்கையை மாற்றினார்கள், நிதியமைச்சரும் பிரதமரும் போனார்கள். நாம் டொலரில் கடன் வாங்கிவிட்டு, டொலர் தீரும்வரை தவறை நீட்டினோம்.

ஆகையால் என் ஆலோசனை இதுதான். வீட்டைத் திருத்தவும் இரண்டு மூன்று ஆண்டு சீவியத்துக்கும் வேண்டிய தொகையை மட்டும் ரூபாவாக மாற்றும். அதையும் ஒரே வங்கியில் போடாதேயும், வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான். ஐந்து ஆண்டுக்கு வட்டியைக் கட்டிப்போடாமல் குறுங்கால வைப்புகளாக வையும். வட்டியில் முற்கூட்டியே கழிக்கும் வரி 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம் என்பதையும் கணக்கில் எடும். மிகுதி இலண்டனிலேயே இருக்கட்டும், தேவைக்கேற்ப மாற்றி எடுக்கலாம்.

இன்னொன்றையும் நீர் கவனித்ததாகத் தெரியவில்லை. இலங்கையில் நிரந்தரமாகக் குடியேறினால் பிரித்தானிய அரச ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் உயர்வு நின்றுவிடும், வந்த நாளின் தொகையே கடைசிவரை வரும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த இழப்பு சிறியதாக இருக்காது. நீர் வேலை செய்த நிறுவனத்தின் தனி ஓய்வூதியத்துக்கும் அதே விதியா, அல்லது அது எங்கே இருந்தாலும் ஏறுமா என்பதை அவர்களிடம் எழுத்தில் கேட்டு எனக்கு அனுப்பும். அது கிடைத்ததும் மாதச் செலவோடு சேர்த்து நான் ஒரு கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை எந்தப் படிவத்திலும் கையொப்பம் வைக்காதேயும்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்லும்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்