எங்கள் ட்ரம்மைக் காயவைத்தவர்களுக்கு

தைப்பொங்கலுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பாடசாலைக் களஞ்சிய அறையில், கால் ஒடிந்த கதிரைகளுக்குப் பின்னால், எங்கள் பாடசாலை பாண்ட் குழுவின் பெரிய மேளமான பாஸ் ட்ரம் கிடந்தது. ஒரு பக்கத் தோல் கிழிந்து உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. மறுபக்கத்தை விரலால் தட்டினேன். தூசிதான் வந்தது. ஆனால் என் இடது கால் தானாக அசைந்தது. பாஸ் ட்ரம்மில் அடி விழும்போது இடது கால் தரையில் பட வேண்டும் என்று 1994இல் ஏற்றிய பாடம், இன்னும் இறங்கவில்லை.

இந்த நன்றியை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருடம் பிந்திவிட்டது, மன்னிக்க வேண்டும்.

முதலில் எங்கள் பாண்ட் மாஸ்டருக்கு. சேர், முதல் மூன்று மாதம் எங்களை நீங்கள் ட்ரம்மைத் தொடவே விடவில்லை. கவ்வாத்து வெட்டிய மலையில், வெட்டி விழுந்த தேயிலைக் கிளையான மிலாறு பொறுக்கி, ஆளுக்கு இரண்டு குச்சி சீவச் சொன்னீர்கள். வாங்கின் மேல் அடித்தோம். வலது இரண்டு, இடது இரண்டு, பிறகு மெதுவிலிருந்து வேகம். சைட் ட்ரம் இடுப்புக்குப் பக்கத்தில் சரிந்து தொங்கும் என்பதால் இடது கைக் குச்சியை மட்டும் வேறு மாதிரிப் பிடிக்க வேண்டும், பெருவிரல் கவட்டில் வைத்து மோதிர விரலில் தாங்கி. அந்தப் பிடி எனக்கு வரவே இல்லை. வீட்டில் மண்ணெண்ணெய் டின்னில் அடித்துப் பழகி அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு மேளம் என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் கேட்டவர்களுக்கும் அம்மாதான் பதில் சொன்னார். என்னை ஏசியதைவிட அவர்களை இன்னும் நன்றாக ஏசினார்.

சிவப்புப் பட்டி தைத்துத் தந்த டவுன் டெயிலருக்கும், ட்ரம் வாரை இலவசமாகத் தைத்துக் கொடுத்த சப்பாத்துக்காரருக்கும், பிறகு தருவோம் என்று சொல்லிச் சாப்பிட்ட பணிஸ் காசை எங்களிடம் கேட்கவே கேட்காத பேக்கரிக்காரருக்கும் நன்றி. அந்தக் காசு இன்னும் கொடுபடவில்லை.

டீமேக்கர் ஐயா, அடுத்தது உங்களுக்கு. எங்களிடம் இருந்தவை பழைய தோல் ட்ரம்கள். பிளாஸ்டிக் தோல் எல்லாம் வந்துவிட்ட காலம்தான், எங்கள் மலைக்கு வந்து சேரவில்லை. ஹட்டன் பக்கத்து மே, ஜூன் மழையை மலைநாட்டாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழைகூட வேண்டாம், பனிமூட்டம் இறங்கினாலே தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். டட் என்று தெறிக்க வேண்டியது பொத் என்று விழும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நாங்கள் நான்கு பேர் அடுப்படியில் நெருப்பு மூட்டி ட்ரம்மைக் காட்டப் போனோம். அப்போது வாசலில் நின்று தடுத்தவர்தான் இந்த மடல் போய்ச் சேர வேண்டிய ஆள். அவரிடம் பிறகு வருகிறேன். அவர் சொல்லித்தான் தேயிலை ஆலையான ஸ்டோருக்கு வந்து உங்கள் முன்னால் நின்றோம். நீங்கள் ஒன்றும் பேசாமல் மாடிப்படியைக் காட்டினீர்கள். கொழுந்து வாட்டும் மாடி. மழை நாளில் கொழுந்து லேசில் வாடாது, அதனால் சூடான காற்றைக் கலந்து விடுவார்கள். அந்தக் காற்றில், விட்டத்தில் கயிறு கட்டி, ஆறு ட்ரம்களும் விடிய விடியத் தொங்கின. தோட்டத்து மேலாளர் துரை கண்டிருந்தால் உங்களுக்குத்தான் கரைச்சல். காலையில் எடுத்துத் தோளில் மாட்டினால் ட்ரம் முழுக்கக் கொழுந்து வாடும் வாசம். இன்றைக்கும் எந்த ஊரில் பாண்ட் சத்தம் கேட்டாலும் என் மூக்குக்கு முதலில் வருவது அந்த வாசம்தான்.

இனி, பெரிய லயத்து மாமா, உங்களுக்கு.

அந்த நாளில் உங்களை நான் மாமா என்று கூப்பிட்டதில்லை. பெரியவர்கள் எப்படிச் சொன்னார்களோ அப்படியே ‘தப்புக்காரர்’ என்றுதான் சொன்னேன். மாசியில் காமன் கூத்துக்கு உங்கள் தப்பு மேளம் சூடேறாமல் ரதியும் மதனும் களத்தில் இறங்கியதில்லை. தோட்டத்தில் செத்த வீடோ திருவிழாவோ, முதலில் ஆள் போவது உங்கள் காம்பராவுக்குத்தான். ஆனால் வாசல் திண்ணையான ஸ்தோப்புக்கு மேல் உங்களை யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அடுப்படி வாசலில் நின்று நீங்கள் சொன்னது இதுதான்: “நெருப்புல காட்டிறாத புள்ள. எந் தப்பு மாட்டுத்தோலு, மானாப்புல்லக் கொளுத்திக் காட்டுனா தாங்கும். இது மெல்லிசு, வெடிச்சிரும். ஸ்டோரு மாடியில தொங்கப்போடு.”

இன்னொன்று. ஸ்டோரிலிருந்து கோயில் வரை ரோட்டில் நடந்து பழகினோம். பாதி வழியில், எதிர்மலை நெருங்கி வரும் வளைவில், தினமும் கால் குழம்பும். முன்வரிசை இடது வைக்க, பின்வரிசை வலது வைக்கும். மாஸ்டர் விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டிப்போனார். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தபோதுதான் கணக்குப் பிடிபட்டது. நாங்கள் நடந்தது நிமிடத்துக்கு 120 காலடி, அதாவது ஒரு காலடிக்கு அரைச் செக்கன். சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மலையில் பட்டுத் திரும்பும் ட்ரம் சத்தம் எங்கள் அடுத்த காலடிக்குக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வந்து விழும். பின்னால் நடந்தவர்கள் ட்ரம்மை விட்டு மலைக்குக் கால் வைத்திருக்கிறார்கள். நீங்கள் புல்லுக்கட்டோடு ரோட்டோரம் ஒதுங்கி நின்றவர், ஒரே தடவை பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: “மலை பேசுறத கேக்காதீங்க. முன்னுக்குப் போறவ குதியப் பாருங்க.” மறுநாள் வளைவு தாண்டினோம், ஒரு கால் பிசகவில்லை.

1995இல் பாண்ட் போட்டிக்கு ஹட்டன் டன்பார் மைதானத்துக்குப் போன நாள். ட்ரம்கள் கொழுந்து லொறியில், நாங்களும் அதிலேயே. கொழுந்து நிறுக்கும் இடத்தில் லொறி நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. லொறிக்குக் கூரை இல்லை. வரிசையில் கூடையோடு நின்ற பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து ஒவ்வொன்றாக மேலே எறிந்தார்கள். பாஸ் ட்ரம்முக்கு மட்டும் இரண்டு போனது. சேலை தொப்பலாக நனைந்தபடி அவர்கள் திரும்ப மலைக்கு ஏறியதை லொறியிலிருந்து பார்த்தேன். ஒரு படங்கு அம்மாவுடையது. மற்றவை யாருடையவை என்று கேட்டுக்கூட வைக்கவில்லை. இதை வாசிக்கும் யாருடைய அம்மாவாவது அந்த வரிசையில் நின்றிருந்தால், இந்த நன்றியை அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வரிசை கட்டும்போது என் வலது கைக் குச்சி இரண்டாக முறிந்தது. மாற்றுக் குச்சி இல்லை. நீங்கள் டவுனில் ஏதோ விசேஷத்துக்கு அடிக்கப் போக எங்கள் லொறியிலேயே வந்திருந்தீர்கள். அழுவதற்கு வாய் திறப்பதற்குள் உங்கள் அடிக்குச்சி என் கையில் இருந்தது. கட்டை, கனம், பிடித்துப் பிடித்து வழுவழுத்தது. என் ட்ரம்மின் சத்தம் மற்றவர்களுடையதைவிடத் தடித்துக் கேட்டது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் இடம் கிடைத்தது.

அடுத்த வாரம் பாராட்டு விழா. உதவிய எல்லாரையும் மேடைக்கு அழைத்து மாலை போட்டார்கள். உங்கள் பெயரையும் சேர்க்கலாமே என்று ஒருத்தி கேட்டாள், நான் இல்லை. ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர், “அவரு எதுக்கு?” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. நீங்கள் மைதான வேலிக்கு வெளியே நின்று கைதட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பாஸ் ட்ரம்முக்குப் புதுத் தோல் போடக் காசு சேர்த்த தோழிகளுக்கும் நன்றி. கொழும்பில் கொடுத்திருக்கிறோம், சித்திரைக்குள் தயாராகும். அதை ஊருக்குக் கொண்டுவரும்போது மாமா, முதல் அடி உங்களுடையது. எல்லாரும் பேசி முடிவெடுத்தாயிற்று, மாஸ்டரும் வருகிறார்.

இதைப் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன். உங்கள் அடிக்குச்சி என்னிடம்தான் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசையில் இடது ஓரம் நடந்த சைட் ட்ரம்காரி