ஹைசுங்கைப் போட்டுக்கொண்டு படு

அன்பு மகளுக்கு,

பார்சல் கிடைத்ததா? மிளகாய்த்தூளோடு கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இருக்கிறது, இருமலுக்கு அவித்துக் குடி. பேர்லினில் நல்ல குளிராம், அறையைச் சூடாக்கும் ஹைசுங் இருக்கிறதுதானே. ஹைசுங்கைப் போட்டுக்கொண்டு படு. 2022 பங்குனியில் ரஷ்யக் காஸ் வேண்டாமென்று நீ அதை மூடி வைத்துவிட்டு மாதம் முழுக்க இருமியதைச் சித்தி சொல்லித்தான் அறிந்தோம். சுவர் மூலையில் பூஞ்சணம் வேறு பிடித்ததாம்.

இப்போது மறுக்கத் தேவையில்லை, பிள்ளை. ரஷ்யாவில் இருந்து காஸ் கொண்டுவந்த நோர்ட் ஸ்ட்ரீம் குழாய் அந்த ஆவணி கடைசியோடு நின்றுவிட்டது. இப்போது காஸ் நோர்வேயில் இருந்து குழாயில் வருகிறது, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்துக்குக் கப்பலில் வருகிறது.

அந்தச் சித்திரை வருடப்பிறப்புச் சாப்பாட்டில் நீ கேட்ட கேள்விகள் எனக்கு மறக்கவில்லை. ரஷ்யா படையெடுக்க முன் உக்ரேன் ஆயுதம் கேட்டபோது ஜெர்மனி 5000 தலைக்கவசம் தருகிறோம் என்றது. புச்சாவில் ரஷ்யப் படை சனத்தைக் கொன்ற பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய நிலக்கரிக்குத் தடை போட்டது, காஸைத் தொடவில்லை. காசு மட்டும் மொஸ்கோவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஏன் என்று கேட்டாய். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாளே என்று உள்ளுக்குள் பெருமைதான். அதற்காக மூன்று வருடமாக வீட்டுப் பக்கம் வராமல், பிறந்தநாளுக்கு ஒரு மெசேஜோடு நிறுத்திக்கொள்வதா?

எனக்கு என் உலை. கண்ணாடி உலை 1500 பாகையில் இரவு பகல் எரிய வேண்டும். காஸ் நின்றால் உள்ளே குழம்பு இறுகி, உலையே பிளந்துபோகும். 2021இல் இந்த நாடு வாங்கிய காஸில் பாதிக்கு மேல் ரஷ்யாவினது. எங்களைப் போல எத்தனை தொழிற்சாலை. பயப்படாமல் என்ன செய்வது?

ஆனால் அந்தப் பயத்தை நாங்களே வளர்த்தோம். 2014இல் ரஷ்யா உக்ரேனின் கிரிமியாவைப் பிடித்தது. அடுத்த வருடமே இரண்டாவது நோர்ட் ஸ்ட்ரீம் குழாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள், ரேடனில் இருக்கிற இந்த நாட்டின் மிகப் பெரிய காஸ் சேமிப்பும் ரஷ்யாவின் கஸ்ப்ரோம் நிறுவனத்தின் கைக்குப் போனது. இனி உலைக்குப் பயமில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். 2022 தொடங்கியபோது ரேடன் கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். உன்னோடு வந்திருந்த உக்ரேன் பிள்ளை அன்று கையில் வடைத் தட்டோடு நின்றாள். தமிழ் விளங்காது என்ற தைரியத்தில், “அது அவர்கள் நாட்டுச் சண்டை” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்த புதிதில் பொன் (Bonn) நகரில் எங்கள் சனத்துக்காகப் பதாகை பிடித்து நின்றபோது, ஒரு கிழவர் அதை வாசித்துவிட்டு இதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு முகாமில் நான் சாப்பிடவில்லை. இதை உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு டொச் மொழி வரும், வாய்தான் வரவில்லை. அவளும் அவளோடு வந்த சின்னவனும் இப்போது எங்கே?

பொங்கலுக்கு லீவு கிடைக்குமா? உன் அறை ஹைசுங்கை அம்மா ஞாயிற்றுக்கிழமையே மூன்றில் வைத்துவிட்டார். நீயும் அங்கே போட்டுக்கொண்டு படு.

அப்பா